பொன் விளைந்த பூமிக்கு ஒரு பகற்பயணம்

விடுமுறை வந்துவிட்டால் தருமபுரிச் சீமையில் இருப்பவர்கள் எங்கே போகிறார்கள்? பெரும்பாலும் ஒகேனக்கலுக்கு. எண்ணெய் தேய்த்துக் குளியல், ஒரு பரிசல் சவாரி, வறுத்த மீன், மாலையில் வீடு. குறை சொல்வதற்கில்லை. ஆயினும், அன்பு வாசகர்களே, பரிசலில் அமர்ந்து அந்தக் காவிரி நீரைக் கையால் அளையும்போது ஒரு செய்தியை நினைத்துப் பாருங்கள். அந்நீர் உங்களை வந்தடையுமுன் கருநாடகத்தின் சிவசமுத்திர அருவியில் விழுந்து எழுந்து வருகிறது. 1902-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அவ்வருவியின் விசையால் எடுக்கப்பட்ட மின்சாரம், ஏறத்தாழ 147 கிலோமீட்டர் நீளமுள்ள கம்பிகளின் வழியே ஓர் ஊருக்குக் கொண்டு செல்லப்பட்டது. பெங்களூர் நகரத்துத் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது அதற்கு மூன்றாண்டுகள் கழித்து, 1905-இல்தான்!

ஒரு பெருநகருக்கு முன்பாக ஒரு பாறைக்காட்டுக்கு மின்சாரம் செல்ல வேண்டிய அவசியம் என்ன? அங்கே தங்கம் இருந்தது. அந்த ஊர்தான் கோலார் தங்கவயல். கிருஷ்ணகிரியிலிருந்து காலையில் புறப்பட்டு, மலைப்பாதையாகவே சென்று பார்த்துவிட்டு, இருட்டுமுன் திரும்பிவிடக்கூடிய தொலைவில் இருக்கிறது. இருந்தும் நம்மில் எத்தனை குடும்பங்கள் அங்கே போயிருக்கின்றன?

அது அயலார் ஊரன்று. அந்தச் சுரங்கங்களில் இறங்கிப் பாறையை உடைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள்; அவர்களிலும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த ஏழை மக்களே மிகுதி. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் மாவட்டங்களிலிருந்து சென்றவர்கள் என்று வரலாறு கூறும். 'சேலம்' என்பதைப் படித்துவிட்டு, 'நம் மாவட்டம் இல்லையே' என்று தருமபுரிக்காரர்கள் பக்கத்தைப் புரட்டிவிடக் கூடாது. அந்நாளில் தருமபுரி, கிருஷ்ணகிரி, அரூர் எல்லாமே சேலம் மாவட்டம்தான். தருமபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபரில். அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004 பிப்ரவரியில்.

யாருடன் போவது?

மலைக்கும் சுரங்கத்துக்கும் வழி தெரிந்தவர் துணையின்றிப் போகக் கூடாது. இதை ஒரு சம்பிரதாயமாகச் சொல்லவில்லை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நாடு மறந்திருக்காது. அதன் பிறகே தமிழக அரசு மலையேற்றத்துக்கென்று தனி விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 மலைத்தடங்களை அறிவித்து, முன்பதிவு செய்து, பயிற்சி பெற்ற வழிகாட்டியுடன் மட்டுமே செல்லும் ஏற்பாட்டைத் தொடங்கியது. மலைவாழ் மக்களின் பிள்ளைகள் பலர் அதில் வழிகாட்டிகளாயினர். சித்தேரி மலைக்கோ மேலகிரிக் காடுகளுக்கோ போக நினைக்கும் நம் இளைஞர்கள், இரு சக்கர வண்டியை எடுத்துக்கொண்டு நேரே காட்டுக்குள் நுழையும் வழக்கத்தை விட்டுவிட்டு, முதலில் வனச்சரக அலுவலகத்தின் வாசலை மிதிக்க வேண்டும்.

சுரங்க ஊருக்கு வேண்டிய வழிகாட்டி வேறு வகை. அங்கே வழி தவறிப் போகும் அச்சமில்லை. ஆனால் சொல்வார் இல்லையென்றால் நீங்கள் காண்பது துருப்பிடித்த இரும்புக் கோபுரங்களும் சாம்பல்நிற மண்மேடுகளும் பூட்டிய கதவுகளும் மட்டுமே. அரைமணி நேரத்தில், 'அவ்வளவுதானா?' என்று பிள்ளைகள் கேட்டுவிடுவார்கள். அதே இடத்தில், கீழே இறங்கி வேலை செய்த ஒருவர் உடன் நின்றால் அந்தக் கோபுரம் பேசத் தொடங்கும். சுரங்கம் மூடப்பட்டபோது நாற்பது வயதாயிருந்தவர் இன்று அறுபதைக் கடந்துவிட்டார். இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டுகளில், 'நான் இறங்கினேன்' என்று சொல்லக்கூடியவர்கள் மிகச் சிலரே எஞ்சுவர். எனவே தங்கவயலில் உறவோ நட்போ உள்ள குடும்பங்கள் மூலம், ஓய்வுபெற்ற ஒரு தொழிலாளியை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய ஒரு நாள் உழைப்புக்கு மரியாதையான ஊதியம் கொடுங்கள். 'பெரியவர்தானே, சும்மா வருவார்' என்று எண்ணிவிடாதீர்கள்.

இரும்பு வழி

தருமபுரியிலிருந்து சுப்ஹுத் தொழுகை முடிந்ததும் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் கிருஷ்ணகிரி வந்துவிடும். சுற்றிலும் உருண்டு கிடக்கும் பெரும்பாறை மலைகளைப் பாருங்கள். இந்தச் சீமைக்குப் பாராமகால் என்று பெயர். ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் ஆண்ட நிலம். கிருஷ்ணகிரி மலைக்கோட்டையை 1791 நவம்பரில் ஆங்கிலத் தளபதி மாக்ஸ்வெல் தாக்கினார். அடிவாரத்துப் பேட்டை வீழ்ந்தது, மேல்கோட்டையோ வீழவில்லை! பாறையும் உயரமும் திப்புவின் வீரர்களும் அதைக் காத்தனர். மறு ஆண்டு சீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையில்தான் பாராமகால் முழுவதும் ஆங்கிலக் கம்பெனியின் கைக்குப் போயிற்று. அதை நிருவகிக்க வந்த அலெக்சாண்டர் ரீடின் துணையதிகாரியாகத் தருமபுரியில் வாழ்ந்த தாமஸ் மன்றோ, பின்னாளில் சென்னை மாகாண கவர்னரானார்.

பர்கூர் வட்டத்தில் மயிலாடும்பாறை என்றோர் இடம். தொல்லியல் துறையினர் அங்கே அகழ்ந்தெடுத்தவற்றை ஆய்ந்ததில், கி.மு. 2172-ஆம் ஆண்டளவிலேயே இப்பகுதியில் இரும்பின் பயன்பாடு இருந்தமை தெரியவந்தது. 2022 மே மாதம் சட்டமன்றத்தில் இதை முதலமைச்சர் அறிவித்தார். தமிழகத்தின் தென்கோடியில் சிவகளையில் கிடைத்தவை அதற்கும் முந்தியவை என்று 2025 ஜனவரியில் வேறோர் அறிக்கை வந்தது. ஆகவே 'முதலிடம் எங்களுக்கே' என்று கிருஷ்ணகிரிக்காரர்கள் மார்தட்ட முடியாது, அதனாலென்ன? நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தப் பாறைகளுக்கிடையே ஒருவன் உலை மூட்டி இரும்பை உருக்கியிருக்கக்கூடும் என்பதே போதிய வியப்பு. இரும்பின் பெயரால் 'அல்ஹதீத்' என்றோர் அத்தியாயம் திருக்குர்ஆனில் உண்டென்பதை அறிந்த பிள்ளைகளுக்கு இந்தப் பாறைமண் ஒரு நல்ல பாடம். அரூரை அடுத்த தீர்த்தமலையிலும் இரும்புத்தாதுப் படிவங்கள் உண்டு. அவ்வழி வேறு, அதற்கு இன்னொரு நாள் வேண்டும்.

கிருஷ்ணகிரியை விட்டு மகாராஜகடை வழியாகக் குப்பம் செல்லும் சாலையில் ஏறுங்கள். மகாராஜகடை மலையில் பழங்காலப் பாறை ஓவியங்கள் இருக்கின்றன. அவ்வட்டாரத்தில் பழைய பொன் அகழ்வுக் குழிகளின் தடயங்களும் கண்டறியப்பட்டுள்ளன. கோலாரின் பொன் தாங்கிய பாறைப் பட்டை அரசாங்கங்கள் வகுத்த எல்லைகளை அறியாது. அது தெற்கே நீண்டு ஆந்திரத்தைத் தொட்டுத் தமிழகத்துக்குள்ளும் கால் நீட்டியிருக்கிறது. குப்பத்துக்கு அருகே சிகரகுண்டாவிலும் ஒரு தங்கச் சுரங்கம் இயங்கி வந்தது. ஒரே காலைப் பொழுதில் மூன்று மாநிலங்களின் மண்ணை மிதித்துவிடுவீர்கள்! வாடகை வண்டியில் போகிறவர்கள் மட்டும், அண்டை மாநிலங்களுக்கான அனுமதிச் சீட்டும் வரியும் சரியாயிருக்கின்றனவா என்று ஓட்டுநரை முன்னரே கேட்டுக்கொள்வது நல்லது. பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கத்து வாசகர்களுக்கு வி.கோட்டை மலைச்சாலை சுருக்கமான வழி. இரயிலை விரும்புவோர்க்குப் பங்காரப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் செல்லும் கிளைப்பாதை உண்டு. 1894-இல் சுரங்கங்களுக்காகவே போடப்பட்டது அது.

மூன்று கிலோமீட்டர் ஆழத்தில்

தங்கவயலின் பழங்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1802-இல் மைசூர் எல்லையை அளக்க வந்த ஜான் வாரன் என்ற ஆங்கிலப் படை அதிகாரியிடம் உள்ளூர்க் கிராமத்தார் மண்ணைக் கொண்டுவந்து அலசிக் காட்டினர், பொன்துகள் மின்னிற்று. எழுபது ஆண்டுகள் கழித்து, அந்தப் பழைய குறிப்பைப் படித்துவிட்டு வந்தார் லாவெல் என்னும் ஐரிஷ்காரர். 1875-இல் அவருக்குக் குத்தகை கிடைத்தது. கையில் பணம் போதவில்லை. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. அதன் பிறகே பெருந்தொழில். நூற்றிருபது ஆண்டுகளில் வெளியே வந்த தங்கம் 800 டன்னுக்கு மேல்!

உங்கள் வழிகாட்டியிடம் கேட்க வேண்டியவை இவையல்ல; இவை புத்தகத்தில் கிடைக்கும். இரும்புக் கோபுரத்தின் அடியில் நின்று, 'கூண்டில் எத்தனை பேர் இறங்குவீர்கள்? எவ்வளவு நேரம் ஆகும்?' என்று கேளுங்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் தரைக்குக் கீழே ஏறத்தாழ 3.2 கிலோமீட்டர் ஆழம் வரை சென்றது; உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக எண்ணப்பட்டது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகையைத் தாண்டும். மேலிருந்து குளிரூட்டிய காற்றை அனுப்பியே மனிதரை அங்கு வேலை செய்ய வைத்தார்கள். 'பாறை வெடிப்பு என்றால் என்ன?' என்று கேளுங்கள். வெட்டி வெட்டி வெறுமையாக்கப்பட்ட இடத்தைச் சுற்றியுள்ள பாறை, மேலிருக்கும் மலையின் பாரம் தாங்காமல் திடீரென்று சிதறுவது அது. கீழே இருந்தவர்கள் நசுங்கினார்கள். மேலே வீடுகளின் சுவர்கள் விரிசல் கண்டன. வீட்டில் இருந்த பெண்களுக்குச் சுவர் அதிர்ந்தபோதே நெஞ்சு பதைத்திருக்கும். அந்தக் குடும்பத்துப் பெண்மணி யாராவது பேச இசைந்தால், நம் பெண்கள் அவரிடம் அமர்ந்து இதைக் கேட்க வேண்டும். ஆண்கள் சொல்லும் சுரங்கக் கதையில் இந்தப் பாதி விடுபட்டுப் போகிறது.

விபத்தில் தப்பியவர்களை நோய் விடவில்லை. துளையிடும்போது பறக்கும் பாறைத் தூசு நுரையீரலில் படிந்து இறுகி, மூச்சைச் சிறுகச் சிறுகத் திருகும் 'சிலிக்கோசிஸ்' என்னும் நோய் தங்கவயலின் துணையாகவே இருந்தது. அதற்கு முறிமருந்து கிடையாது. தொழிலாளர் பொறுத்துக்கொண்டே இருந்துவிடவில்லை. 1930-இல் கைரேகை பதிவு செய்யும் திட்டத்தை நிருவாகம் புகுத்தியபோது, 'நாங்கள் குற்றவாளிகளா?' என்ற சினம் பொங்கி, பெரும் வேலைநிறுத்தம் நடந்தது.

அந்த ஆழத்துக்கு ஓர் எதிர்பாராத பெருமையும் உண்டு. வானிலிருந்து வரும் மற்றக் கதிர்களை எல்லாம் மேலிருக்கும் பாறை தடுத்துவிடுமாதலால், நியூட்ரினோ என்னும் நுண்துகளைத் தேட அறிவியலார் இச்சுரங்கத்தைத் தேர்ந்தனர். பம்பாய் டாட்டா ஆராய்ச்சிக் கழகம், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றைச் சேர்ந்தோர், வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடயத்தை 1965-இல் இங்கே பதிவு செய்தனர். அறிவியல் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதைப் புறப்படும் முன்பே சொல்லி வையுங்கள்.

ஒரு பவுனின் எடை

இப்போது ஒரு சிறு கணக்கு. தாய்மார்கள் பொறுமையுடன் கேட்க வேண்டும். தொடக்க நாள்களில் ஒரு டன் பாறையை உடைத்தால் நாற்பது கிராமுக்கு மேல் தங்கம் கிடைத்ததுண்டு. மூடும் காலத்தில் ஒரு டன்னுக்கு 3 கிராம்கூடத் தேறவில்லை. ஒரு பவுன் என்பது 8 கிராம். அப்படியானால், கடைசி நாள்களில் ஒரு பவுனுக்காக மூன்று டன்னுக்கு அண்மையான பாறையை உடைத்து, கிலோமீட்டர்க் கணக்கான ஆழத்திலிருந்து மேலே தூக்கி, மாவாய் அரைக்க வேண்டியிருந்தது. ஐம்பது பவுன் என்று சம்பந்தம் பேசும் இடத்தில் வாய் கூசாமல் கேட்கிறார்களே, அது 130 டன்னுக்கு மேற்பட்ட பாறை! பத்துப் பன்னிரண்டு லாரிச் சுமை. அதைச் சுமந்தவர்கள் யார் என்பதைத் தங்கவயலின் தொழிலாளர் குடியிருப்புகளில், ஒன்றையொன்று ஒட்டிய அந்தச் சிறு வரிசை வீடுகளின் இடையே நடக்கும்போது உங்கள் மகனுக்குச் சொல்லுங்கள். கைக்கூலியைப் பற்றி மேடையில் கேட்ட பேச்சைவிட அது அவன் மனத்தில் நிற்கும். சற்றுத் தள்ளி, ஆங்கில அதிகாரிகளின் தோட்டம் சூழ்ந்த பங்களாக்களையும் பார்த்துவிடுங்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பதில்தான் செய்தியே இருக்கிறது.

1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. 1962-இல் அவை நடுவண் அரசுக்குச் சென்றன. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்னும் அரசு நிறுவனம் உருவாயிற்று. ஆழம் கூடிற்று, செலவு கூடிற்று, பொன் குறைந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் ஒரே நாளில் வேலையிழந்தனர். நிலுவைத் தொகையும், குடியிருக்கும் வீட்டின் உரிமையும் நீண்ட வழக்குகளாயின. நீர் இறைக்கும் இயந்திரங்கள் நின்றதும் சுரங்கங்களில் வெள்ளம் ஏறிவிட்டது. அதனால் கீழே இறங்கிப் பார்க்கலாம் என்ற ஆசையுடன் எவரும் போக வேண்டாம்; எவரும் இறக்கிக் காட்டுவதாகச் சொன்னால் நம்பவும் வேண்டாம். சுரங்க வளாகங்களுக்குள் செல்ல அனுமதி வேண்டும். கிடைக்காத இடத்தில் வெளியே நின்று பார்ப்பதே முறை. ஊர் என்ன ஆயிற்று என்று அறிய விரும்பினால் மாரிக்குப்பம் இரயில் நிலையத்துக்குப் போங்கள். விடியுமுன் புறப்படும் வண்டிகளில் ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகிறார்கள். பொன் கிடைத்த ஊரிலிருந்து கூலி தேடி வெளியூருக்கு!

அடுத்து அந்த மண்மேடுகள். 'சயனைடு மேடு' என்பார்கள். அரைத்த பாறைமாவைச் சயனைடு கலந்த நீரில் ஊறவைத்துத் தங்கத்தைக் கரைத்துப் பிரித்தபின், எஞ்சிய கழிவை மலைமலையாய்க் குவித்துவிட்டார்கள். மொத்தம் 13 மேடுகள். 3 கோடி டன்னுக்கு மேல். திரைப்படக்காரர்களுக்கு அவை மிகப் பிடித்தமான இடம். அண்மைக் காலத்தில் வந்த படங்களைப் பார்த்துவிட்டு, அந்த மேட்டில் ஏறிப் படம் பிடித்துக்கொள்ள இளைஞர்கள் துடிக்கிறார்கள். பிள்ளைகளை ஏற விடாதீர்கள். காற்றடித்தால் அந்த நுண்தூசு ஊரெங்கும் பறக்கிறது. அதைச் சுவாசித்தே பல்லாண்டு வாழும் மக்களின் முறையீடு இன்றும் ஓயவில்லை. அந்தக் கழிவில் இன்னும் கொஞ்சம் தங்கம் இருக்கிறது என்பதால் அதை மீண்டும் பிரித்தெடுக்கும் திட்டத்துக்கு 2024 ஜூன் மாதம் கருநாடக அமைச்சரவை இசைவு தந்தது. மேடுகள் கரையக்கூடும் என்பது நல்லதே. ஆனால் அள்ளும்போது எழும் தூசிக்கு என்ன வழி, வேலை யாருக்குக் கிடைக்கும் என்பவற்றை, கேட்கும் உரிமையுள்ள அவ்வூர் மக்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இதையும் உங்கள் வழிகாட்டியிடம் கேளுங்கள். ஆளுக்கொரு கருத்துச் சொல்வார்கள், எல்லாவற்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உணவும் திரும்பும் வழியும்

கட்டுச்சோறும் குடிநீரும் வீட்டிலிருந்தே கொண்டுபோவது நலம். நிழலில் அமர்ந்து உண்ண, சுரங்க ஊர்களுக்கு நீர் தந்த பாலாற்றுப் பேத்தமங்கலம் ஏரிக்கரை பொருத்தமான இடம். லுஹருக்கு ராபர்ட்சன்பேட்டையில் பள்ளிவாசல்கள் இருக்கின்றன. வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துக்கொண்டால் அவசரம் இராது. ஏப்ரல், மே மாதங்களில் மரமற்ற அந்த மேட்டுநிலத்தில் குழந்தைகளோடும் முதியோரோடும் அலைவது கடினம். மழை ஓய்ந்த பின், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம்.

திரும்பும்போது பங்காரப்பேட்டையை அடுத்த பூதிக்கோட்டையை எட்டிப் பாருங்கள். ஹைதர் அலி பிறந்த ஊர் அது. படிப்பறிவின்றி, சாதாரணப் படைவீரராகத் தொடங்கி மைசூரை ஆண்ட அவர் விளையாடிய பாறைகளும், உங்கள் வீட்டு மலைகளும் ஒரே முகச்சாயல் கொண்டவை என்பது பார்த்ததும் தெரியும். அவருடைய தந்தை பத்ஹு முஹம்மதின் அடக்கத்தலம் கோலார் நகரில் இருக்கிறது. ஒரே நாளில் அதையும் சேர்த்துக்கொள்ள முயன்றால் பொழுது போதாது. அஸர் முடிந்ததும் வண்டியில் ஏறிவிடுங்கள். எல்லையோரக் காட்டுச் சாலைகளில் மாலைக்கு மேல் யானைகள் குறுக்கிடுவதுண்டு. மஃரிபுக்குக் கிருஷ்ணகிரி வந்து சேர்ந்துவிட வேண்டும்.